தங்கையைக் கொன்ற நோயை விடாமல் துரத்திய டாக்டர்

சென்னை அடையாற்றில் புற்று நோய்க்கென்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் அங்கே நோயாளிகள் வருகிறார்கள். ஆந்திராவிலிருந்து வருகிறார்கள். வங்காளத்திலிருந்தும் வருகிறார்கள். கையில் காசு இல்லாத ஏழைகளும் நம்பிக்கையோடு வருகிறார்கள்.

இந்த ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்தவர் புதுக்கோட்டையில் பிறந்த ஒரு பெண். வயது வந்ததும் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள்ளேயே பாடம் படித்த பெண். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் என்று அவரைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால், ஒரே ஒரு நோயை எதிர்த்து அவர் 31 ஆண்டுகள் அலைந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கதைதான் இது.

ஒதுக்கி வைத்த உறவினர்

1886ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆம் தேதி முத்துலட்சுமி பிறந்தார். புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். அதே ஆண்டில்தான் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் பட்டத்துக்கு வந்தார். பின்னால் அந்த ராஜாவே இந்தப் பெண்ணின் படிப்புக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

தந்தையார் நாராயணசாமி ஐயர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள். இசை வேளாளர் குலத்தவர். தேவதாசி மரபில் வந்த குடும்பம் அது.

சந்திரம்மாளை மணந்ததற்காக நாராயணசாமியை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். குழந்தைகள் தாயின் சொந்தக்காரர்களோடு பழகித்தான் வளர்ந்தார்கள். அந்தக் குடும்பத்துப் பெண்களின் துயரத்தை முத்துலட்சுமி சிறு வயதிலேயே கண்ணால் கண்டார். அது அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

திரை போட்ட வண்டி

அந்தக் காலத்தில் பெண் குழந்தைக்கு எழுத்தறிவே அதிகம் என்பார்கள். முத்துலட்சுமியோ படிப்பில் கெட்டிக்காரி. வயது வந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். ஆனால் தந்தை படிப்பை நிறுத்தவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902இல் தனியாகப் பரீட்சை எழுதி, மெட்ரிகுலேஷன் தேறினார். அப்போது அவருக்கு வயது 16.

அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ ஒரே கல்லூரி. அதில் ஆண் பிள்ளைகள் மட்டுமே படித்தார்கள். ஒரு பெண் விண்ணப்பம் போட்டதும் ஊரில் பெரிய பேச்சாகிவிட்டது. பையன்களோடு ஒரு பெண் உட்காருவதா என்று சிலர் கேட்டார்கள். தாயின் குலத்தைச் சொல்லி வேறு சிலர் எதிர்த்தார்கள்.

விஷயம் ராஜாவிடம் போயிற்று. மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் எதிர்ப்பைத் தள்ளிவிட்டு, முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார். படிக்க உபகாரச் சம்பளமும் கொடுத்தார்.

திரை போட்ட வண்டியில் ஏறி, ஊர்க் கண்ணுக்கு மறைந்து முத்துலட்சுமி கல்லூரிக்குப் போய் வந்தார். அந்தக் கல்லூரியில் படித்த முதல் பெண் அவர்தான். இன்று புதுக்கோட்டைத் தெருக்களில் கல்லூரிக்குப் போகும் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் செல்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் போனது அந்தத் திரை போட்ட வண்டி.

சென்னைப் பயணம்

1907இல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். புதுக்கோட்டைக்கு அப்போது ரயில் கிடையாது. சாலை வழியே திருச்சி போய், அங்கேதான் ரயில் ஏற வேண்டும்.

அவர் உடம்பு மெலிந்தவர். கண் பார்வையும் மங்கல். இருந்தாலும் ஐந்து ஆண்டுகள் விடாமல் படித்தார். பரிசுகளும் பதக்கங்களும் குவிந்தன. 1912இல் சிறப்பாகத் தேறி டாக்டர் பட்டம் பெற்றார். இந்நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் வரிசைப் பெண்களுள் அவரும் ஒருவர்.

எழும்பூர் அரசாங்கப் பெண்கள் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் ஆனார். அங்கே அந்த வேலையில் அமர்ந்த முதல் பெண்ணும் அவரே.

1914இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை டாக்டர் சுந்தர ரெட்டி. முத்துலட்சுமி ஒரு நிபந்தனை போட்டார். மனைவியைச் சமமாக மதிக்க வேண்டும். அவள் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். சொன்ன சொல்லைக் கடைசி வரை காப்பாற்றினார். இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். மூத்தவர் ராம்மோகன். இளையவர் கிருஷ்ணமூர்த்தி.

1923ஆம் ஆண்டு

வைத்தியத் தொழில் நன்றாக நடந்தது. வீட்டில் குழந்தைகள். மருமகள், சகோதரி, டாக்டர் என்று எல்லாப் பொறுப்பையும் அவர் சுமந்தார். அந்த வேளையில்தான் இடி விழுந்தது.

அவருடைய தங்கை சுந்தரம்பாளுக்கு உடம்புக்கு வந்தது. மலத்தில் இரத்தம் போயிற்று. வயிற்றுக் கடுப்பு என்று முதலில் நினைத்தார்கள். அதற்கு மருந்து கொடுத்தார்கள். நோய் தீரவில்லை. நாட்கள் போயின. கடைசியில்தான் தெரிந்தது, அது மலக்குடலில் வந்த புற்று நோய் என்று. அதற்குள் நோய் முற்றிவிட்டது. 1923இல் சுந்தரம்பாள் கண்ணை மூடினாள்.

முத்துலட்சுமி படித்த டாக்டர். கணவரும் டாக்டர். சென்னையின் பெரிய டாக்டர்களை எல்லாம் அவருக்குத் தெரியும். இத்தனை இருந்தும் சொந்தத் தங்கையின் நோயைக் காலத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

டாக்டர் வீட்டிலேயே இப்படி என்றால், கிராமத்து ஏழையின் கதி என்ன? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. தங்கை பட்ட வலியை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அதனால் அழுது ஓய்ந்து போகவும் அவரால் முடியவில்லை.

லண்டனில் கண்டது

1925இல் அரசாங்க உதவியோடு அவர் மேல்படிப்புக்கு லண்டன் போனார். பெண்கள், குழந்தைகள் வைத்தியம் கற்கத்தான் போனார். ஆனால் அங்கே புற்று நோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி இருப்பதைக் கேள்விப்பட்டதும் அங்கேயும் சென்றார்.

புற்று நோய் என்பது என்ன? நம் உடம்பு கோடி கோடி நுண்ணிய அணுக்களால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத அந்த உயிரணுக்கள் தேவைக்குத் தக்கபடி பெருகும். தேவை தீர்ந்ததும் நின்றுவிடும். சில நேரம் ஓர் அணு கட்டுக்கு அடங்காமல் பெருக ஆரம்பிக்கிறது. அது கட்டியாகிறது. பக்கத்தில் உள்ள சதையை அரிக்கிறது. இரத்தத்தின் வழியே வேறு உறுப்புகளுக்கும் பரவுகிறது. பரவுவதற்கு முன் பிடித்தால் பிழைக்க வழி உண்டு. பரவிய பின் கஷ்டம்.

1895இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது. 1898இல் மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவரும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். இந்தக் கதிர்களால் புற்றுக் கட்டியைக் கரைக்கலாம் என்று ஐரோப்பிய டாக்டர்கள் கண்டார்கள். கத்தி ஒரு பக்கம், கதிர் ஒரு பக்கம் என்று வைத்தியம் வளர்ந்தது.

லண்டனில் முத்துலட்சுமி இதை எல்லாம் நேரில் பார்த்தார். ஒரு விஷயம் அவருக்குத் தெளிவாயிற்று. இந்த நோயை வெல்ல ஒரு டாக்டரின் கெட்டிக்காரத்தனம் போதாது. கத்தி வைப்பவர், கதிர் கொடுப்பவர், திசுவை எடுத்துப் பரிசோதிப்பவர் என்று பலர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய வேண்டும். வந்த நோயாளிகளின் விவரத்தை எல்லாம் எழுதி வைத்து, ஆராய்ந்து, அடுத்தவருக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். அப்படி ஓர் இடம் நம் நாட்டில் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

சட்டசபைக்கு அழைப்பு

ஊர் திரும்பியதும் வேறு பொறுப்பு காத்திருந்தது. 1926இல் சென்னை சட்டசபைக்கு அவர் நியமிக்கப்பட்டார். முதலில் தயங்கினார். வைத்தியத் தொழில் கெடும் என்பது அவர் கவலை. பெண்கள் சங்கத்தார் வற்புறுத்தியதால் சம்மதித்தார். அடுத்த ஆண்டே சபையின் உபதலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை அவர் எதிர்த்தார். பெரிய தலைவர்கள் சிலரே அவரை எதிர்த்துப் பேசினார்கள். அவர் அசையவில்லை. தேவதாசிகளின் மானிய நிலம் கோயில் ஊழியத்தோடு கட்டுண்டு கிடந்தது. ஊழியத்தை விட்டால் நிலம் போய்விடும். 1929இல் வந்த சட்டத் திருத்தம் அந்தக் கட்டை அவிழ்த்தது. நிலம் அவர்களுக்கே சொந்தமாயிற்று. பொட்டுக் கட்டுவதை அடியோடு தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது.

1930இல் மகாத்மா காந்தி கைதானதும் முத்துலட்சுமி பதவியை உதறினார். அந்தக் காலத்தில்தான் வீட்டு வாசலில் ஆதரவற்ற பெண்கள் சிலர் வந்து நின்றார்கள். எந்த விடுதியும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முத்துலட்சுமி தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது.

இத்தனைக்கும் நடுவில் தங்கையின் முகம் அவருக்கு மறக்கவில்லை.

முடியாது என்ற பதில்

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு நூற்றாண்டு விழா. பழைய மாணவியான முத்துலட்சுமி அந்தச் சமயத்தில் தம் எண்ணத்தை வெளியிட்டார். புற்று நோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்றார்.

கேட்டவர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். புற்று நோய் வந்தவர் எப்படியும் சாகப் போகிறவர். அதற்கு ஏன் தனி ஆஸ்பத்திரி, வீண் செலவு என்பது அன்றைய எண்ணம். காலரா, அம்மை, காச நோய் என்று ஆயிரம் நோய்கள் இருக்கும்போது இதற்கு எங்கே பணம் என்றும் கேட்டார்கள். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் கதிர் சிகிச்சைக்குப் பெர்னார்டு நிலையம் இருந்தது. அதுவே போதும் என்று எண்ணியவர்களும் உண்டு.

பம்பாயில் 1941இல் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தென்னாட்டில் அப்படி ஒன்றும் எழவில்லை. யுத்தம் வந்தது, போயிற்று. சுதந்திரம் வந்தது. முத்துலட்சுமிக்கு வயது 60 தாண்டிவிட்டது. மற்றவர்கள் ஓய்வு எடுக்கும் வயதில் அவர் கையேந்திப் புறப்பட்டார்.

இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் 1949இல் புற்று நோய் நிவாரண நிதி திரட்ட ஆரம்பித்தார். பெரிய மனிதர்களைக் கண்டார். சாதாரண மக்களிடமும் கேட்டார். சிறுகச் சிறுகப் பணம் சேர்ந்தது.

இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி அதற்குள் டாக்டராகி இருந்தார். வெளிநாடு சென்று புற்று நோய் வைத்தியம் கற்று வந்தார். நல்ல வருமானம் தேடிக்கொள்ள அவருக்கு வழி இருந்தது. ஆனால் அவர் தாயின் பக்கம் நின்றார்.

பன்னிரண்டு படுக்கை

1952 அக்டோபரில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி அடையாற்றில் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரி என்று சொன்னாலும் அது மிகச் சிறியது. மொத்தம் 12 படுக்கைகள். இரண்டு டாக்டர்கள், இரண்டு நர்சுகள். அவ்வளவுதான். சுந்தரம்பாள் இறந்து அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. முத்துலட்சுமிக்கு 68 வயது நெருங்கிக் கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு ஓர் இளம் பெண் டாக்டர் அங்கே வந்து சேர்ந்தார். அவர் பெயர் சாந்தா. விஞ்ஞானி சர் சி.வி. ராமனின் குடும்பத்தைச் சேர்ந்தவர். அரசாங்க ஆஸ்பத்திரியில் நல்ல வேலை அவருக்குக் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு இந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்தார். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் இரவு பகல் பாராமல் உழைத்தார்கள்.

சில ஆண்டுகளிலேயே கோபால்ட் கதிர் இயந்திரம் வந்தது. பழைய எக்ஸ்ரே கருவியின் கதிர் மேல் தோலைச் சுட்டுவிடும். உள்ளே ஆழமாகப் போகாது. கோபால்டின் கதிர் உடம்பின் உள்ளே ஆழத்தில் இருக்கும் கட்டியையும் எட்டும். ஆசியாவில் இந்த வசதியை முதலில் பெற்ற இடங்களுள் அடையாறும் ஒன்று. 1960இல் புற்று நோய் வந்த குழந்தைகளுக்குத் தனி வார்டு திறந்தார்கள். இந்தியாவில் அது புதுமை.

வெற்றிலை, புகையிலை

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து டாக்டர்கள் பல உண்மைகளைத் தெரிந்துகொண்டார்கள். வாயில் புற்று வந்தவர்களில் மிகப் பலர் புகையிலை போடுகிறவர்கள். வெற்றிலைப் பாக்கோடு புகையிலையையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். எந்தக் கன்னத்தில் அடக்குகிறார்களோ அதே பக்கத்தில் புண் கிளம்பும்.

இவர்களில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே வந்தார்கள். மேல்நாட்டுப் புத்தகத்தில் இதற்கு ஏற்ற வழி இல்லை. அங்கே இவ்வளவு வாய்ப் புற்றும் இல்லை. ஆகவே கதிரோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் குணம் கூடுமா என்று அடையாற்றில் ஆராய்ந்தார்கள். முடிவுகளை வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். அதுவரை நாம் அவர்களிடம் கற்றோம். இப்போது அவர்களும் நம்மைப் படித்தார்கள்.

முத்துலட்சுமிக்கு 1956இல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி அவர் காலமானார். 82 வயது நிறைய எட்டு நாட்களே பாக்கி.

அவர் போன பிறகு

ஆரம்பித்தவர் போனதும் மூடப்படும் நிலையங்கள் உண்டு. அடையாறு ஆஸ்பத்திரி மேலும் வளர்ந்தது. காரணம், முத்துலட்சுமி அதை ஒரு பள்ளிக்கூடமாகவும் நினைத்ததுதான். 1984இல் புற்று நோய் வைத்தியத்தில் தனி மேற்பட்டப் படிப்பு அங்கே ஆரம்பமாயிற்று. இந்தியாவில் அதுவே முதல் முறை. அங்கே படித்த டாக்டர்கள் இன்று பல ஊர்களில் வேலை செய்கிறார்கள்.

குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்று நோயை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஐந்து குழந்தைகளில் ஒன்று பிழைத்தாலே அதிகம். 1984 முதல் சென்னை, பம்பாய், டில்லி ஆஸ்பத்திரிகள் ஒரே விதமான மருந்து முறையைப் பின்பற்றின. நம் நாட்டு வசதிக்குத் தக்கபடி வகுத்த முறை அது. அதன் பிறகு ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள்.

1981இல் சென்னை நகரத்துக்குப் புற்று நோய்ப் பதிவேடு ஒன்றையும் தொடங்கினார்கள். யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் நோய் வந்தது என்று ஆண்டுதோறும் கணக்கு எடுக்கிறார்கள். முன்பு சென்னைப் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றே அதிகம். இப்போது அது குறைந்து, மார்பகப் புற்று முதலிடத்துக்கு வந்துவிட்டது. இது அந்தக் கணக்கால் தெரிந்த உண்மை. நோய் எங்கே போகிறது என்று தெரிந்தால்தானே குறுக்கே மறிக்க முடியும்?

கிருஷ்ணமூர்த்தி 2010இல் காலமானார். டாக்டர் சாந்தாவுக்கு 2005இல் மகசேசே விருது கிடைத்தது. 2021 ஜனவரியில் அவரும் மறைந்தார். கடைசி வரை அவர் குடியிருந்தது ஆஸ்பத்திரி வளாகத்தில்தான்.

முத்துலட்சுமி பிறந்த ஜூலை 30ஆம் தேதியை அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடுவது என்று 2019இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் உதவித் திட்டத்துக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டது.

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது

1923இல் சுந்தரம்பாளுக்கு நோய் இன்னதென்று தெரியவே நாளாயிற்று. இன்று அந்தக் கஷ்டம் இல்லை. பரிசோதனை உண்டு. மருந்து உண்டு. ஆனால் நோயாளி நேரத்தில் வர வேண்டும்.

மூன்று வாரம் ஆகியும் ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தப் போக்கு, மலத்தில் இரத்தம், காரணம் தெரியாமல் உடம்பு இளைப்பது ஆகியவை எல்லாமே புற்று நோய் ஆகிவிடாது. பெரும்பாலும் வேறு ஏதாவது சிறு கோளாறாகவே இருக்கும். ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். பெண்கள் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. சமையல் இருக்கிறது, குழந்தைக்குப் பரீட்சை இருக்கிறது என்று நாளைத் தள்ளக் கூடாது. புகையிலைப் பொட்டலத்தை இன்றே குப்பையில் போட்டுவிட வேண்டும்.

தங்கைக்குக் கிடைக்காத காலம் மற்றவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் முத்துலட்சுமி 31 ஆண்டுகள் அலைந்தார். அந்தக் காலம் இன்று நம் கையில் இருக்கிறது.